ஷாடி என்றொரு வார்த்தையும் உன் கல்யாணப் பத்திரிகையும்

கண்ணு,

வாசலில் பந்தல்காரர் மூங்கிலை இறக்கிக்கொண்டிருக்கிறார். நீ உள்ளே ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்த அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய்; கை இறுக்கமாம். எழுந்து வந்து உன்னிடம் வாயாலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எதையாவது நக்கலடித்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன் என்று உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது மூடி ஒட்டித் தருகிற கடிதமும் இல்லை. யார் எடுத்துப் படித்தாலும் சரி, படிக்கட்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டுக்கு நானும் உன் அம்மாவும் பத்திரிகை வைக்கப் போய்விட்டு வந்த அன்று, என்ன நடந்தது என்று நீ கேட்டாய். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அம்மணி" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். நீ நம்பவில்லை. அப்பா அங்கே போயும் பேச்சை மாற்றிவிட்டார் போல என்று அம்மாவிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அந்தச் சந்தேகத்தோடு நீ மணவறையில் உட்காரக் கூடாது.

நம் வீட்டைத் தெரியாதவர் கையில் இது கிடைத்தால், அவருக்காக நாலு வார்த்தை. நாங்கள் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்கிறவர்கள். கம்பெனிகளில் பனியனுக்குத் துணி வெட்டிய பிறகு கழுத்து வளைவிலும் கை இடுக்கிலும் மிஞ்சுகிற துண்டுகளை மூட்டையாக எடுத்துவந்து, குடோனில் கொட்டி, நிறம் பார்த்துப் பிரித்து மில்லுக்கு அனுப்புவோம். மில்லில் அதைக் கிழித்து மறுபடியும் பஞ்சாக்கி நூலாக நூற்பார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூல், கறுப்பிலிருந்து கறுப்பு. புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை, ஆற்றுக்கு அனுப்பச் சாயத் தண்ணீரும் இல்லை. அந்த நூல் மங்கலம் ஊர்த் தறிகளில் போர்வையாகிப் போகும். ஊருக்கே தெரிந்த தொழில். இருந்தும் யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் "துணி லைனுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

நீ அந்தப் பாதியில் என்றைக்கும் இருந்ததில்லை. நீ எட்டாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா. மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்துவிட்டேன். தலை, மீசை, சட்டை எல்லாம் பஞ்சு. உன் சிநேகிதிகளின் அப்பாமார்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியிலேயே புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். நீ எப்படியோ பார்த்துவிட்டாய். கூட்டத்துக்கு நடுவில் ஓடிவந்து, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்காரவைத்து, மீசையில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "எங்கப்பா" என்று உன் டீச்சரிடம் சொன்னாய். நான் உடனே "வர்ற வழில லாரிக்குப் பின்னால வந்தனுங்க, ஒரே தூசி" என்று டீச்சரிடம் ஒரு கதை விட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று உன் அம்மா என்னைச் சொல்வது சும்மா இல்லை.

கோயமுத்தூரில் ஜவுளிப் படிப்பை முடித்துவிட்டு நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏசி ரூமில் உட்காருவாய் என்று நான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் உட்கார்ந்தும் பார்த்தாய். பிறகு ஒருநாள் குடோனுக்கு வந்து, "இனி இங்கதானுங்ப்பா" என்றாய். நீ தனியாகப் பார்த்து அனுப்பிய முதல் கறுப்பு லாட் எனக்கு மறக்காது. பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் லைக்ரா என்கிற, ரப்பர் மாதிரி இழுபடும் இழை கலந்திருக்கும். உடம்புத் துணியும் கறுப்பு, கழுத்துத் துணியும் கறுப்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கையில் இழுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக அனுப்பிவிட்டாய். லைக்ரா பஞ்சாகாது, சுருண்டு சுருண்டு நூலில் முடிச்சாக நிற்கும். படித்தவள் செய்கிற தப்பு இல்லை, பிறந்ததிலிருந்து குடோனில் கிடந்தவள் செய்கிற தப்பும் இல்லை, அவசரக்காரி செய்கிற தப்பு என்று உன் அம்மா திட்டித் தீர்த்தாள்.

மில்காரர் நல்ல மனுஷன். "பரவால்ல விடுங்க, வேற லாட்டுல கொஞ்சங் கொஞ்சமா கலந்து ஓட்டிப்போடலாம், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "போர்வையப் போத்திக்கறவங்களுக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, மிச்சம் இருந்த மூட்டை அத்தனையையும் திரும்ப எடுத்துவந்து கொட்டினாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் துணி பிரிக்கிற மேரி அக்கா, "ஏ தாயி, இதென்ன கூத்து, ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாக்கணுமாக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும்கொண்டார். கறுப்பு மலைக்கு நடுவில் நீ ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அன்றைக்கு என் நெஞ்சு இருந்த அகலத்துக்குக் குடோன் கதவு பத்தாது. உன்னிடம் சொல்லவில்லை. "வெட்டி வேலை" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க நம் வீட்டுக்கு வந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். மாப்பிள்ளையின் அப்பா பேச்சுக் குறைவு. பேசியதெல்லாம் அவருடைய அண்ணன், மாப்பிள்ளையின் பெரியப்பா; பெரிய எக்ஸ்போர்ட்டர், அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் அடுப்புகூடப் பற்றாது என்பது கேள்விப்பட்டதுதான். நாளெல்லாம் குறித்த பிறகு பத்திரிகை எப்படி அடிப்பது என்று பேச்சு வந்தது. நம் பக்கத்துப் பத்திரிகையில் பெற்றவர் பெயருக்குக் கீழே தொழிலைப் போடுவது வழக்கமாயிற்றே. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியத்துக்கு அடிக்கற பத்திரிகை. அதுல வேஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை எதுக்குங்க? டெக்ஸ்டைல்ஸ்னு போட்டுக்கலாமுங்களே" என்றார். அவர் சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் அவர் முடிப்பதற்குள்ளேயே, "அதுக்கென்னங்க முதலாளி, போட்டுக்கலாமுங்க" என்றேன். சம்பந்தி வீட்டு ஆளைப் போய் முதலாளி என்கிறாரே என்று உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பழக்கதோஷம். கம்பெனிக் கம்பெனியாக மூட்டை எடுக்கப் போய் அந்த வார்த்தை நாக்கில் ஊறிவிட்டது.

அப்போதுதான் அவர் தம்பி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் பிடிபட்டது "ஷாடி பிசினஸ்" என்கிற இரண்டு வார்த்தை மட்டும். பிசினஸ் தெரியும், ஷாடி தெரியாது. இங்கிலீஷில் சொன்னால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அந்த நேரம் நீ தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாய். உன் காதிலும் விழுந்தது. உன் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. எல்லோருக்கும் காப்பி கொடுத்தாய், அவரிடம் போய் "சர்க்கரை போதுமுங்களா?" என்று கேட்டாய்.

அவர்கள் கார் தெரு முனை திரும்பிய பிறகு நீ என்னிடம், "அப்பா, அவரு சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுங்களா?" என்று கேட்டாய். "நல்ல பிசினஸ்னு சொன்னாருன்னு நெனக்கறேன்" என்றேன். மட்டமானது, உருப்படாதது என்று அர்த்தம் என்றாய். உன் அம்மா, "நம்மூட்டுக் காப்பியக் குடிச்சுப்போட்டா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு முகத்தில் வெந்நீர் ஊற்றியது போல் இருந்தது. சிரித்தேனே, பல்லைக் காட்டிச் சிரித்தேனே என்பதுதான் வலித்தது. நீ மட்டும் கோபமே படாமல், "உக்காருங்க ரெண்டு பேரும். அந்த வார்த்தைக்கு ஒரு கதை இருக்குது" என்று சொல்லி மீதி முறுக்குத் தட்டை எடுத்து நடுவில் வைத்தாய்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்று ஒரு சீமை. நம் ஊருக்குப் பனியன் மாதிரி அவர்களுக்குக் கம்பளி. ஒரு காலத்தில் அங்கே புதுக் கம்பளி பத்தாமல் போனபோது, கிழிந்த கம்பளித் துணிகளை வாங்கி, பல் வைத்த மெஷினில் கொடுத்துக் கிழித்து, பஞ்சாக்கி, கொஞ்சம் புதுக் கம்பளி கலந்து மறுபடியும் நூற்றார்கள். அந்த மெஷினுக்குத் தொழிலாளிகள் வைத்த செல்லப்பெயர் 'பேய்'. அந்தத் துணிக்குப் பெயர்தான் ஷாடி. அப்படித்தான் அந்த வார்த்தை பிறந்தது, ஒரு துணியின் பெயராக, தலை நிமிர்ந்து. கந்தல் மூட்டைகளை வாங்கிப் பிரித்து நூற்றே அங்கே ஊர்கள் எழுந்தன என்றாய். அதுவரை கம்பளிக் கோட்டைக் கடைக்கு வெளியே நின்று பார்த்த ஏழைகள் அந்தத் துணியில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்றாய். அந்த வார்த்தைக்கும் முன்னால் என்ன மூலம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். உதிர்வது, சிந்துவது என்று பொருள்படும் ஒரு பழைய இங்கிலீஷ் வார்த்தையிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்கிறார்களாம். நூற்கும்போது உதிர்கிற பஞ்சு. நம் குடோனில் கூட்டி அள்ளுகிறோமே, அதேதான். வடக்கே பானிபட்டில் இன்றைக்கும் பழைய துணியில் நூற்ற கம்பளி நூலை அந்தப் பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள் என்று உன் வாத்தியார் சொன்னதையும் சொன்னாய்.

"அப்பறம் எப்படிச் சாமி அந்தப் பேரு கெட்டுது?" என்று உன் அம்மா கேட்டாள். அமெரிக்காவில் அவர்களுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை வந்தது, சிப்பாய்களுக்கு அவசரமாக உடுப்பு வேண்டியிருந்தது, காண்ட்ராக்ட் எடுத்தவர்களில் சிலர் கந்தலைச் சரியாக நூற்காமலும் நெய்யாமலும் பசை போட்டு அழுத்தித் துணி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். முதல் மழைக்கே சிப்பாய்கள் உடம்பிலிருந்து அது பிய்ந்து விழுந்ததாம். அவர்கள் அந்தத் துணியின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அன்றிலிருந்து உலகத்தில் மட்டமான எதற்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. பித்தலாட்டம் செய்தவன் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டான், பழி வார்த்தையின் தலையில் விழுந்தது. நீ கடைசியாக, "நூத்தவங்க வெச்ச பேருங்ப்பா அது. ஒட்டுனவங்க கெடுத்துப்போட்டாங்க. அவரு நம்மளத் திட்டோணும்னு நெனச்சு நம்ம தொழிலோட பேரைச் சொல்லியிருக்காரு. அதுல நமக்கென்னங்க கோவம்?" என்றாய். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கியதே நீ சொன்ன அந்தப் பேச்சால்தான்.

ஆனால் அடுத்து நீ சொன்னதுதான் எனக்குப் பயம் பிடித்த இடம். பத்திரிகையில் டெக்ஸ்டைல்ஸ் என்று போடக் கூடாது, பனியன் வேஸ்ட் வியாபாரம் என்றே போட வேண்டும் என்றாய். நான் எவ்வளவு கெஞ்சினேன்! நல்ல இடம், மாப்பிள்ளை தங்கமான பையன், ஒரு வார்த்தைக்காகக் கெட்டுப்போக வேண்டாம் என்றேன். வார்த்தையில் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்டேன். அதற்கு நீ சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "இன்னைக்குப் பத்திரிகைல தொழில மறைச்சா, நாளைக்கு அந்த ஊட்டுல நான் உங்கள மறைக்கோணுமுங்ப்பா. என்னால ஆகாது." உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்றதுதான் சரி. இந்தச் சம்பந்தம் முடிஞ்சா முடியட்டும், இல்லீன்னா போவட்டும்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு பெண்கள் ஒரு பக்கம் நின்றால் நான் எங்கே போவேன்?

நீ மாப்பிள்ளைக்குப் போன் செய்து அவர் அப்பாவைக் குடோனுக்கு அழைத்துவரச் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போகக் கூடாது, அதனால் அவர்களே வரட்டும் என்றாய். வந்தார்கள். மேரி அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நீ இழுத்துப் பார்த்துப் பிரித்த அந்தக் கறுப்புத் துணியில் நூற்று வந்த நூல் கோன் ஒன்றை எடுத்துச் சம்பந்தி கையில் கொடுத்து, எங்களுக்குச் சொன்ன அதே கதையை அவருக்கும் சொன்னாய். அவருடைய அண்ணன் அன்றைக்குச் சொன்னது உன் காதில் விழுந்தது என்பதை மட்டும் காட்டிக்கொள்ளவே இல்லை. உன் நாகரிகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். அவர் நூலை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். விரலில் கோடு விழுந்ததே தவிர நூல் அறுபடவில்லை. "கெட்டியாத்தானுங்க இருக்குது" என்றார். கோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்குச் சம்மதமுங்க. ஆனா எங்கண்ணன் சரீன்னு சொல்லாம எங்கூட்டுல பந்தக்கால் நட மாட்டோம். நான் சொன்னா, மருமவ பேச்சுக்கு இப்பவே ஆடறான்னுவாரு. பத்திரிகை வெக்கப் போறப்ப நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார்.  மாப்பிள்ளை தன் சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடாமலே காரில் ஏறினார். அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான்.

பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைத் திருமுருகன்பூண்டிக் கோயிலில் வைத்துக் கும்பிட்டோம். இரண்டாவது, பெரியப்பா வீட்டுக்கு. பெண்ணைப் பெற்றவர்கள்தான் போக வேண்டும், நீ வர முடியாது. வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நீ, "அப்பா, அங்க போயி மறுபடியும் பேச்சை மாத்திப்போடாதீங்க" என்றாய். மிரட்டுகிற மாதிரி சொன்னாய், ஆனால் உன் கண் கெஞ்சியது. நான் "அதெல்லாம் பாத்துக்கலாம் அம்மணி" என்றேன். இது நான் பின்வாங்கப் போகும்போது சொல்கிற வாக்கியம் என்பது உனக்குத் தெரியும்.

அங்கே என்ன நடந்தது என்று சொல்வதற்குள் அப்பனாக இரண்டு புத்தி சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல வாய்க்காது. போகிற வீட்டில் எல்லோருக்கும் எல்லா வார்த்தைக்கும் பொருள் சொல்லிக்கொண்டிருக்காதே. பாதி நேரம் அவர்களுக்குப் பசியாக இருக்கும். யாராவது ஒன்று சொன்னால் அன்றைக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாயே, பத்தில் ஒன்பது தடவை அதுவே போதும். பத்தாவது எது என்று கண்டுபிடிக்கிற புத்தி உனக்கு இருக்கிறது, அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வராமல் இருக்காது. வந்தால் அந்தக் காண்ட்ராக்ட்காரன் மாதிரி அவசரத்துக்குப் பசை போட்டு அமுக்காதே. உட்கார்ந்து பேசிப் பிரித்து, எது எதனால் வந்தது என்று பார்த்து, பிறகு சேருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். உன் அம்மாவும் நானும் பாதி வயதை ஒட்டியே ஓட்டினோம். மழை பெய்த நாளில் எல்லாம் கஷ்டப்பட்டோம்.

சரி. பெரியப்பா வீடு. பெரிய ஹால், சோபாவில் அவருடைய சொந்தக்காரர்கள் நாலைந்து பேர்.  உன் அம்மா தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் எடுத்துவைத்தாள். இரண்டு பேருமாகக் கொடுத்தோம். அவர் மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொண்டார், உட்கார்ந்து, பத்திரிகையைப் பிரித்து, எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நாள், நேரம், மண்டபம், மாப்பிள்ளை பெயர், உன் பெயர், உன் படிப்பு. என் பெயரையும் படித்தார். அதற்குக் கீழே வந்ததும் நிறுத்தினார். இன்னொருமுறை மனசுக்குள் படிப்பது தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த எடத்துல மாத்தறதாப் பேசியிருந்தமுங்களே?"

கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். என் வாயில் "அச்சுக்காரன் தப்புப் பண்ணிப்போட்டானுங்க" என்கிற வாக்கியம் முழுசாகத் தயாராகி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. டீச்சரிடம் லாரித் தூசி என்று சொன்னேனே, அதே வேகத்தில் வந்தது. உன் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் நான் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவேன் என்றே முடிவு கட்டித் தலையைக் குனிந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசுனமுங்க அண்ணா. அன்னைக்கு நான் அவசரப்பட்டு ஒத்துக்கிட்டனுங்க. இது அச்சுத் தப்பு இல்லீங்க. எங்க தொழில் அதுதானுங்க. அதுலதான் எம்புள்ளைய வளத்துனேன், படிக்க வெச்சேன்" என்றேன். முதலாளி என்று வரவில்லை, அண்ணா என்றுதான் வந்தது, எனக்கே ஆச்சரியம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதே எனக்கு. "அன்னைக்கு நீங்க இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னீங்களே, ஷாடின்னு, அதும் எங்க தொழிலோட பேருதானுங்க. அதையும் போட்டிருப்பேன், பத்திரிகைல எடம் பத்துலீங்க" என்றேன்.

 சோபாவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. எழுந்து உள்ளே போய்விடுவார், உன் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்தேன் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "பாப்பாவுக்கு அன்னைக்கே அது கேட்டுதுங்களா?" என்றார்.

"கேட்டுதுங்க. அவதான் எனக்கு அர்த்தம் சொன்னா."

"கேட்டுப்போட்டுத்தான் எனக்குச் சர்க்கரை போதுமான்னு கேட்டுச்சுங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.  அவர் தன் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பத்திரிகையை என் பக்கம் நீட்டி, "அந்த வரியில இருந்து நீங்களே படிங்க சம்பந்தி. உங்க வாயால கேக்கோணும். மூத்தவன் நாந்தான் பந்தக்காலுக்கு முன்ன நிக்கோணும், எந்த ஊட்டுப் புள்ளைய எடுக்கறமுன்னு எங்க சனத்துக்கும் தெரியட்டும்" என்றார்.

எழுந்து நின்றேன். நின்றுகொண்டு படிக்கும்படி யாரும் சொல்லவில்லை. என் பெயர், அதன் கீழே பனியன் வேஸ்ட் வியாபாரம், நெருப்பெரிச்சல். அத்தனை பேர் நடுவில், அந்தப் பெரிய வீட்டில், ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். பதற்றத்தில் தேவைக்கு மேலேயே கத்திவிட்டேன். உன் அம்மாவைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். ஆனால் ஒரு வார்த்தைகூட இடறவில்லை, கண்ணு. ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை.

உன் அப்பன்